காதுக்குழியில் இருந்த செதில்

எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களின் நலன்புரிச் சங்கம் இந்த வருசம் ஒரு மலர் போடுகிறது. அதற்கு எழுதித் தரச் சொல்லி, இப்போது தோல் கிளினிக்கில் வேலை செய்கிற பிள்ளைகள் கொட்டாஞ்சேனைக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எனக்கு எழுத்து பெரிதாக வராது. கொன்வென்டில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கதைக்க வரும். தமிழிலும் சிங்களத்திலும் யாரும் குறை சொல்ல முடியாத மாதிரிக் கதைப்பேன். ஆகவே கதைக்கிற மாதிரியே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மகள் திருத்தியிருக்கிறாள். சொன்ன விஷயத்தில் அவளைக் கை வைக்க விடவில்லை.

வந்த பிள்ளைகளில் ஒருத்தி சொன்னாள்: "இப்ப எல்லாம் போன்ல படம் எடுத்து அனுப்புறாங்க, பிலோ அன்ரி. டொக்டர்மார் அதைப் பாத்தே அரைவாசி சொல்லிப்போடுவாங்க." நல்லது, வளரட்டும். தூரத்தில் இருக்கிற சனங்களுக்கு எவ்வளவு உதவி. ஆனால் எனக்கு உடனே ஒரு செதில் ஞாபகத்துக்கு வந்தது. அரிசிக் குறுநொய் அளவுதான் இருக்கும். அதைத் திருப்பிப் பார்த்த அந்த நேரம் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வயதாகியும் நினைத்தால் புல்லரிக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் அட்டெண்டனாகச் சேர்ந்து முதல் சில வருசம் ஒவ்வொரு வாட்டாகத் தள்ளிக்கொண்டு திரிந்தார்கள். கட்டில் துடைக்க, ஊசி கத்தரிக்கோலைச் சுடுதண்ணியில் அவிக்க, நோயாளியைத் தூக்க, செத்தவர்களைக் குளிப்பாட்ட எல்லாம் பழகினேன். பிறகு தோல் கிளினிக்குக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் போனேன். பென்ஷன் எடுக்கும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். யூனிபோமை ஒருநாளும் கசங்கப் போட்டதில்லை.

அங்கே பெரிய டொக்டர் ஒரு சிங்களப் பெண். என்னை விடக் கொஞ்சம் வயது குறைவு. எல்லாரும் மேடம் என்றுதான் சொல்வோம். மெலிந்த ஆள், சத்தமே வராது. அவவுக்குத் தமிழ் தெரியாது என்றில்லை. "நோகுதா", "வாங்கோ", "பயப்பட வேணாம்" என்ற மட்டுக்கும் தெரியும். மற்றதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும். முதல் கிழமையே என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னா. "பிலோமினா, நான் சொல்றதை அப்பிடியே சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். ஆறுதல் சொல்லணும்னா அதையும் நான்தான் சொல்லணும்." அன்று எனக்கு அது கொஞ்சம் சுட்டது. பிறகுதான் விளங்கியது, அது என்ன பெரிய பொறுப்பு என்று.

மேடம் பார்க்கிற விதத்தை எழுதாமல் இருக்க முடியாது. நோயாளியின் கதிரை யன்னலுக்கு நேரே இருக்க வேண்டும். டியூப் லைட்டை நிற்பாட்டச் சொல்லுவா. நோயாளி வந்து இருந்ததும் பக்கத்தில் போகமாட்டா. கதவடியிலேயே நின்று பார்ப்பா. அந்த நேரம் அறையில் ஒருவரும் கதைக்கக் கூடாது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு கிட்டப் போவா. பிறகு லென்ஸ். கடைசியாகத்தான் கை. முகம், காது, தலைமயிருக்குள், வாய்க்குள், கை, முதுகு என்று எப்போதும் அந்த ஒழுங்குதான். கன்னத்தில் தழும்பைக் காட்ட வந்த ஆளின் காதை ஏன் இவ்வளவு நேரம் மடித்து மடித்துப் பார்க்கிறா என்று எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை.

அதை விளங்க வைத்தது ஒரு துறைமுகத்து மனுசன். எங்கள் கோயில் பங்குதான், மாசிலா அண்ணன் என்று சொல்லுவோம். நாள் முழுக்க வெயிலில் நின்று சாமான் இறக்குகிறவர். தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் வழுவழுவென்று, நடுவில் வெள்ளையாக, சுற்றிக் கறுப்புக் கரை கட்டி இருந்தது. படர்தாமரை என்று நினைத்து வருசக்கணக்காகக் கடையில் களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறார். மேடம் அந்த இடத்தை விரல் நுனியால் தடவினா. "இந்த நோய்க்கு டிஸ்கொயிட் லூபஸ் எண்டு பேர். வட்டத் தட்டு மாதிரி வரும். வெயில் பட்டா கூடும். மயிர் வாற துவாரத்துக்குள்ளயே இறங்கும். விட்டா அந்தத் துவாரத்தையே மூடிப்போடும்." நான் அப்படியே சொன்னேன்.

"அப்ப மருந்து பூசினா மயிர் வருமா, பிலோ?" என்றார் அண்ணன். என்னைத்தான் கேட்டார், அவவை இல்லை.

நான் மேடத்திடம் கேட்டேன். "மூடின இடத்தில வராது. மூடாத இடத்தைக் காப்பாத்தலாம்" என்றா. அதையும் அப்படியே சொன்னேன். அண்ணன் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "சரி, இருக்கிறதையாவது பாப்பம். எனக்கென்ன இனிப் பொம்பிளையா பாக்கப் போறாங்க" என்று சிரித்தார். மேடமும் சிரித்தா. அன்றைக்கு அவருடைய காதை மடித்து எனக்குக் காட்டினா. காதுத் துவாரத்துக்கு வெளியே கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கிறதல்லவா, அதற்குள் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், மிளகுத் தூள் தூவின மாதிரி. "முகத்தில எல்லாம் மாறிப்போனாலும், இங்க அது கையெழுத்து வைச்சிருக்கும்" என்றா. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மனுசத் தோலுக்குள் இப்படி எல்லாம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது?

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

வெள்ளவத்தையில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். பெயர் சுகந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கூடவே மாமியார். யாழ்ப்பாணத்து அம்மா, நெற்றி நிறையத் திருநீறு. மாமியாரின் கையில் ஒரு ஆண் குழந்தை, இன்னும் தவழத் தொடங்கவில்லை. புருசனுக்குக் கட்டாரில் வேலை. நான் முதலில் கவனித்தது அவர்கள் வாங்கில், அந்த நீட்டுப் பெஞ்சில், இருந்த விதத்தை. மாமியார் ஒரு அந்தத்தில், பிள்ளை மற்ற அந்தத்தில். நடுவில் இரண்டு பேர் இருக்கலாம். சனம் நிற்க இடமில்லாத கிளினிக்கில் அந்த இடைவெளிக்குள் போய் இருக்க ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. மாளிகாவத்தையில் இருந்து வருகிற ஒரு முஸ்லிம் அம்மா மட்டும், கால் நோகுது என்று சொல்லிக்கொண்டு நடுவில் போய்க் குந்தினா.

குழந்தை அழுதது. அழ அழ, சுகந்தி சால்வையை இழுத்து நெஞ்சை மூடினாள். சட்டை நனைந்துவிட்டது. பெற்றவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பால் என்று. நான் போய், "பிள்ளைக்குப் பசிக்குதுபோல. உள்ளுக்கு ஒரு மறைவு இருக்கு, வாங்கோ" என்றேன்.

மாமியார் குழந்தையை மற்றப் பக்கத் தோளுக்கு மாற்றினா. "போத்தில் பால் குடிக்கிறான். அவள் தொடக் கூடாது."

"ஏன் அம்மா?"

"பாத்தா உங்களுக்குத் தெரியேல்லையே? முகத்தைப் பாருங்கோ. சனம் கதைக்குது. இவள் லிஃப்டில ஏறினா பக்கத்து ஃபிளாட்டுக்காரர் இறங்கிப் போகினம்." பிறகு சத்தத்தைக் குறைத்து, "குட்டம்" என்றா, குஷ்டரோகத்தை.

வீட்டில் சுகந்திக்குத் தட்டு வேறு, கோப்பை வேறு, படுக்க வேறு அறை. பாலைப் பீச்சிக் கழிவில் ஊற்றுகிறாள். இதெல்லாம் அவள் பிறகு என்னிடம் சொன்னது.

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மேடம் கதவடியில் நின்று பார்த்தா. கன்னத்தில் இரண்டு இடம், காதுக்கு முன்னால் ஒன்று. நடுவில் வெளிறி, கரை கறுத்து இருந்தது. ஆனால் மேற்பகுதி பளிச்சென்று துடைத்த பீங்கான் மாதிரி, சிவந்து, கீறல் கீறலாக. மேடம் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "முகத்துக்கு என்ன போடுறா?" என்று கேட்கச் சொன்னா.

மாமியார்தான் பதில் சொன்னா, பெருமையாக. "ஒவ்வொரு நாளும் பயத்தம்மாவும் மஞ்சளும் போட்டு, தேங்காய்த் தும்பால நல்லாத் தேய்க்கச் சொல்லுறனான். இண்டைக்கு டொக்டரிட்ட வாறதெண்டு நானே நிண்டு தேய்ப்பிச்சனான். காதெல்லாம்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னபோது மேடம் லென்ஸை மெதுவாக மேசையில் வைத்தா. அவவுக்கு வேண்டிய அடையாளத்தை எல்லாம் தும்பு வழித்துக்கொண்டு போயிருந்தது. இது எங்கள் சனத்தின் பழக்கம்தானே. டொக்டரைப் பார்க்கப் போவதென்றால் குளித்து முழுகி, பவுடர் போட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரிப் போவோம். மரியாதை. முன்னால் பார்த்த இரண்டு மூன்று டொக்டர்மாரிடமும் அவள் அப்படித் தேய்த்துக் கழுவின முகத்தோடுதான் போயிருக்கிறாள். அவர்களுக்கும் வெளிறின தோல் ஒன்றுதான் தெரிந்திருக்கும். ஒருவர் தேமல் என்றாராம், ஒருவர் சந்தேகமாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்றாராம். அந்தச் சந்தேகம் என்ற சொல்தான் மாமியாரின் வீட்டில் குட்டமாகிவிட்டது.

பிறகு பஞ்சுச் சோதனை. சுகந்தியைக் கண்ணை மூடச் சொல்லி, மேடம் பஞ்சைத் திரித்து நுனியால் தொடுவா. பட்ட இடத்தை அவள் விரலால் காட்ட வேண்டும். அந்தத் தழும்பு ஒவ்வொன்றிலும் தொட்டா. ஒவ்வொன்றையும் சரியாகக் காட்டினாள். குட்டமென்றால் அந்த இடம் மரத்துப்போயிருக்கும். முழங்கையில், கழுத்தில் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தா. காதுச் சோணையில், காதின் கீழ்நுனியில், மெல்லக் கீறி, கண்ணாடித் துண்டில் எடுத்து, ஆய்வுக்கு அனுப்பினா.

"அதுவோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கோ" என்றா மாமியார்.

மேடம் சொன்னா: "அந்த மாதிரித் தெரியேல்லை. ஆனா இண்டைக்கு நான் முடிவாச் சொல்ல மாட்டேன். அந்த நோயாகவே இருந்தாலும் இப்ப நல்ல மருந்து இருக்கு, மாறும். பிள்ளையைத் தாயிட்ட இருந்து பிரிக்கத் தேவையில்லை."

நான் சொல்லும்போது சுகந்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்ற ஒரு சொல்லை நான் கூட்டிச் சொன்னால் போதும், அவள் முகம் மலர்ந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேடம் சொன்னதை மட்டும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த பாரமான வேலை, செத்தவர்களைத் தூக்கினது இல்லை, அதுதான்.

மாமியார் தலையை ஆட்டினா. "மருந்து இருக்கோ இல்லையோ, எனக்குத் தெரியும். எங்கட பெரியப்பாவைக் குட்டமெண்டு வண்டியில ஏத்திக்கொண்டு போனதை நான் சின்னனில கண்ணால பாத்தனான். அந்த மனுசன் திரும்பி வரேல்லை. முடிவாச் சொல்லட்டும், அதுக்குப் பிறகு குழந்தையைக் குடுக்கிறன்."

அப்போதுதான் அந்த மனுசியிலும் எனக்கு இரக்கம் வந்தது. கொடுமைக்காரி இல்லை. பயந்துபோன ஒரு சின்னப் பிள்ளை அந்த உடம்புக்குள் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

மேடம் கட்டளை போட்டா. அடுத்த முறை வரும்வரைக்கும் முகத்தில் கை வைக்கக் கூடாது. பயத்தம்மா, மஞ்சள், தும்பு, எண்ணெய், பவுடர் ஒன்றும் கூடாது. தண்ணியை மெல்ல ஊற்றலாம், துவாயால் ஒற்றலாம். அவ்வளவுதான். "எபா, எபா" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னா, வேண்டாம், வேண்டாம் என்று.

"ஊத்தையோட டொக்டரிட்ட வரச் சொல்லுறாவோ?" என்று மாமியாருக்கு நம்பவே முடியவில்லை. வெளியில் வந்து வாங்கில் இருந்த எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போனா. அந்த மாளிகாவத்தை அம்மா சிரித்தா. "நாங்க எல்லாம் பவுடர் பூசி, அத்தர் போட்டு வந்து ஈக்கிறம். டொக்டர் என்ன மாப்பிள்ளைக்குப் பொண்ணா பாக்கப் போறாங்க? வந்த மாதிரி வாங்க தாயி."

அவர்கள் திரும்பி வந்த அன்று நான் வேண்டுமென்றே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகந்தி சால்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கன்னத்தில் செதில் பிடித்து, கரடுமுரடாக இருந்தது. பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்களாம். நான் நோயாளிகளின் நம்பர் துண்டுகளை வாங்கி அடுக்கிவிட்டுத் திரும்புகிறேன், மாமியார் தண்ணிப் போத்திலில் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, நனைத்து அவளுடைய கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறா!

"கையை எடுங்கோ அம்மா!"

நான் போட்ட சத்தத்தில் ஒரு நேர்ஸ் மருந்தறைக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்பிடியே எப்பிடி உள்ளுக்கை விடுறது? நாளைக்கு எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்றா மாமியார். லேஞ்சியில் வெள்ளை வெள்ளையாகச் செதில். சுகந்தியின் கன்னம் இரண்டும் பழையபடி துடைத்த பீங்கான். அவள் அழவில்லை. அழுகிற நிலையைக் கடந்துவிட்டாள். "இன்னும் எத்தினை நாள் அன்ரி?" என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே போய் மேடத்திடம் சொன்னேன், துடைத்துவிட்டார்கள் என்று. மேடம் வழக்கம்போலக் கதவடியில் நின்றா. பார்த்தா. பிறகு கிட்டப் போய் முக்காட்டை விலக்கி, காதை மடித்தா. "டோர்ச்" என்று கையை நீட்டினா.

நான் அடித்த வெளிச்சம் அந்தக் கிண்ணத்துக்குள் விழுந்தது. மிளகுத் தூள் மாதிரிப் புள்ளிகள், அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒட்டின ஒரு செதில். முக்காடு காப்பாற்றியிருக்கிறது. லேஞ்சி அங்கே போகவில்லை.

மேடம் நுனி மெல்லிய இடுக்கியை எடுத்தா. செதிலின் ஒரு கரையைப் பிடித்தா. "நோகுதா?" என்று தமிழில் கேட்டா. சுகந்தி "கொஞ்சம்" என்றாள். அது லேசில் வரவில்லை, உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. அவ அவசரப்படவில்லை. தபால் முத்திரையைக் கடிதத்தில் இருந்து கிழியாமல் உரிக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. என் கை ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வந்துவிட்டது. அதைக் கண்ணாடித் துண்டில் தலைகீழாக வைத்து, லென்ஸைப் பிடித்துப் பார்த்தா. கனநேரம் பார்த்தா. பிறகு விலகி நின்று, "பிலோமினா, பலன்ட" என்றா. வந்து பாருங்கள் என்று.

நான் குனிந்தேன்.

செதிலின் கீழ்ப்பக்கம் முழுக்க முள். வரிசை வரிசையாக, வெள்ளையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. பூனை நக்கினால் சுரசுரக்கிற நாக்கு மாதிரி. ஒவ்வொரு மயிர்த் துவாரத்துக்குள்ளும் ஒவ்வொரு முள்ளாக இறங்கி, ஆணி அடித்த மாதிரிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒருத்தரும் பார்க்காத காதுக்குழியில், இவ்வளவு ஒழுங்காக. நான் சிலுவை அடையாளம் போட்டேன். நோய்க்கு யாராவது சிலுவை போடுவார்களா? நான் போட்டேன். அதைப் பார்த்ததற்காகவும், அதைத் தேடிப் பார்க்கத் தெரிந்த அந்தக் கண்ணுக்காகவும்.

"அம்மாவையும் பாக்கச் சொல்லுங்க" என்றா மேடம்.

மாமியார் பின்னுக்குப் போனா. "எனக்கேன்? நான் படிச்சனானே?"

"எனக்கும் படிப்பில்லை அம்மா. வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தேன். குழந்தையை உள்ளே வந்து நின்ற அந்த நேர்ஸிடம் கொடுத்துவிட்டு, திருநீற்று நெற்றியைக் குனிந்து பார்த்தா.

"முள்ளு" என்றா. பிறகு, "எத்தினை முள்ளு."

மேடம் கதைக்கத் தொடங்கினா. நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன். "நீங்க தேய்க்கத் தேய்க்க முள்ளின்ட தலைதான் உடைஞ்சு போனது. அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை. இந்த முள், காதுக்குள்ள இருக்கிற புள்ளி, சுத்திக் கறுத்த கரை எல்லாம் வேற ஒரு நோயின்ட அடையாளம். இது டிஸ்கொயிட் லூபஸ். கிருமியால வாறதில்லை. உடம்பு தன்னைத்தானே பிழையாத் தாக்கிறது. காதுச் சோணையில எடுத்ததிலயும் கிருமி இல்லை. இது குட்டம் இல்லை. தொட்டா, கொஞ்சினா, பால் குடுத்தா ஒருத்தருக்கும் வராது."

'இல்லை' என்ற அந்தச் சொல்லை நான் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்தா. கூட்டினேனா குறைத்தேனா என்று பார்த்திருப்பா. நான் கூட்டவில்லை.

நல்லதை மட்டும் சொல்லி அனுப்பவும் இல்லை. நிச்சயப்படுத்தச் சின்னத் துண்டு ஒன்று வெட்டி அனுப்ப வேண்டும் என்றா. சிலருக்கு இது உள்ளுக்கும் போகும், அதனால் இரத்தமும் மூத்திரமும் சோதிக்க வேண்டும். மாத்திரை கன காலம் எடுக்க வேண்டும், பால் கொடுக்கலாம், கண் டொக்டரிடமும் இடைக்கிடை காட்ட வேண்டும். வெளிறின இடம் பழைய நிறத்துக்கு வருமோ தெரியாது. ஆனால் இனிப் பரவாமல் பிடிக்கலாம், நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். "வெயில்தான் இவவுக்கு எதிரி. வெயில் படவே கூடாது" என்று இரண்டு தரம் சொன்னா.

சுகந்தி எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றாள். அவள் ஒன்றையும் காதில் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நேர்ஸின் கையில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேர்ஸ், நல்ல பிள்ளை, ஒருத்தரையும் கேட்காமல் குழந்தையை அவள் மடியில் இறக்கினாள்.

மாமியாரின் கை சட்டென்று நீண்டது, பழக்கத்தில். பாதி வழியில் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கை கீழே போகவில்லை. மெதுவாகப் போய்க் குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்து, தாயின் நெஞ்சோடு சரியாக வைத்துவிட்டது. "தலையைப் பிடி பிள்ளை, தலையைப் பிடி. மறந்துபோனியோ?" என்று திட்டினா. திட்டும்போது கண்ணில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு வந்த முடிவும் மேடம் சொன்ன மாதிரியேதான் இருந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், இப்படிப் பார், அப்படிப் பார் என்று. அது டொக்டர்மாரின் வேலை. நான் வெளிச்சம் பிடித்தவள், வாயாக இருந்தவள். அந்த அறையில் நின்று அதைப் பார்க்கக் கிடைத்ததே, அது எனக்குப் போதும். கடற்கரையில் சூரியன் விழுகிறதைப் பார்க்கச் சனம் போகிறது. நான் ஒரு செதிலின் அடிப்பக்கத்தைப் பார்த்தவள்.

அன்று மத்தியானம் அவர்கள் போகும்போது நான் வாசலில் நின்றேன். கொழும்பு வெயில் தார் ரோட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பஸ் தரிப்புக்கு நல்ல தூரம். மாமியார் பையைத் திறந்து குடையை எடுத்தா. ஒரு ஆளுக்குக் காணும் அளவு சின்னக் குடை, குழந்தைக்காகக் கொண்டுவந்தது. அதை விரித்துச் சுகந்தியின் தலைக்கு மேல் பிடித்தா. குழந்தையும் தாயும் நிழலுக்குள். அவ மட்டும் வெளியில், வெயிலில், கையை எட்டி உயர்த்திக்கொண்டு.

"என்ன எட்ட எட்ட நடக்கிறாய்? கிட்ட வா பிள்ளை, கன்னத்தில வெயில் படுது" என்று ரோட்டெல்லாம் கேட்கச் சத்தம் போட்டுக்கொண்டு போனா.